கோர்ட்டினாவுக்கு ஐந்து கியர் பெட்டி: சாட்ஸ்வொர்த் நண்பருக்குப் பதில்

வணக்கம் ஐயா. உங்கள் ஃபோர்டு மார்க் 5 கோர்ட்டினா 2.0 வண்டியில் இரண்டாம் கியர் போடும்போது கரகரக்கிறது என்றும், இருக்கும் நான்கு கியர் பெட்டியைப் பழுதுபார்ப்பதா, ஃபோர்டின் இன்னொரு காரான சியராவின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவதா என்றும் கேட்டிருந்தீர்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு என்3 நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓட்டப்போவதாக எழுதியிருப்பதால், ஐந்து கியரே சரி என்பது என் கருத்து.

சியராவின் டைப் 9 பெட்டியில் ஐந்தாம் கியரின் விகிதம் 0.82, அதாவது, நான்காம் கியரில் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும் எஞ்சினுக்கு, அதே வேகத்தில் 3,280 சுற்றே போதும். வழியிலுள்ள வான் ரீனன் மலை ஏற்றத்தில் எப்படியும் நான்காம் கியருக்கு இறங்கத்தான் வேண்டியிருக்கும். முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97 என்பதால் நடுவில் ஓர் இடைவெளி தெரியும்; பழகிவிடும்.

உங்கள் வண்டியில் இருப்பதைப் போன்ற பின்டோ வகை நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்த சியராவிலிருந்து, பெல் ஹவுசிங்கோடு (பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் மணி வடிவ உறை) சேர்த்தே வாங்குங்கள். வி6 எஞ்சினுக்குரிய பெட்டியின் உள்தண்டு நீளமானது, உங்களுக்கு ஆகாது. இந்தப் பெட்டியில் எண்ணெய் வடிக்கும் திருகு கிடையாது என்பதால், பக்கவாட்டிலுள்ள நிரப்பும் திருகைக் கழற்றி, மெல்லிய கம்பியால் எண்ணெயைத் தொட்டெடுத்து வெயிலில் பாருங்கள். பித்தளைத் தூள் மினுங்கினால், கியர் மாறும்போது வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன, விற்பவர் என்ன சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

புதிய பெட்டி நீளமானது. ஆகவே பெட்டியின் பின்தாங்கியை நகர்த்தி, பின்அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தைக் குறைத்து, பாலன்ஸ் பார்க்க வேண்டும். அதற்கான அளவை, பெட்டியைப் பொருத்தியபின் வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே எடுங்கள். பின்அச்சு தொங்கிக்கொண்டிருந்தால் அளவு தவறும்.