வாசகர் கேள்வி - பதில்: பேட்டரி தீர்வதற்குள் மீட்டரின் எண்களை எடுத்து வையுங்கள்

கேள்வி: பழைய எச்பி 3478ஏ மல்டிமீட்டர் ஒன்று கைக்கு வந்தது. அளவுகள் நன்றாகவே காட்டுகிறது. உள்ளே இருக்கும் பேட்டரி செத்தால் காலிபரேஷனே, அதாவது அளவுகளைச் சரிப்படுத்தி வைத்ததே, போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். செத்த பிறகு புது பேட்டரி போட்டுக்கொண்டால் போதாதா சார்?

பதில்: போதாது. உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. உங்கள் மீட்டருக்கு முந்தைய தலைமுறையில் மூடியைத் திறந்தால் வரிசையாக ட்ரிம்பாட் என்ற சின்னத் திருகு ரெசிஸ்டர்கள் இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் திருகி அளவைச் சரிசெய்வார்கள், திருகிய இடத்திலேயே அது நிற்கும். உங்களுடையதில் அந்தத் திருகலுக்குப் பதில் எண்கள். காலிபரேஷன் செய்யும்போது, தரமான மூலத்துக்கும் மீட்டர் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஒரு சின்ன ராம் (மின்சாரம் போனால் மறந்துவிடும் மெமரி) சிப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. மொத்தம் 256 இடம், ஒவ்வொன்றிலும் 4 பிட், அதாவது 128 பைட். நீங்கள் அனுப்பிய கேள்வியே அதைவிடப் பெரிது. அந்த 128 பைட்டும் ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரியின் தயவில் உயிரோடு இருக்கிறது. மின்னழுத்தம் சுமார் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மறதிதான். அப்புறம் புது பேட்டரி போட்டால் மீட்டர் ஆன் ஆகும், எண்களும் ஓடும், ஆனால் நம்ப முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால், இதைக் காப்பாற்ற மூடியைத் திறக்கவே வேண்டாம். பின்னால் இருக்கும் ஜிபிஐபி (அளவுக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் வழி) போர்ட்டில் கணினியை இணைத்து, டபிள்யூ என்ற எழுத்தையும் அதைத் தொடர்ந்து முகவரியாக ஒரு பைட்டையும் அனுப்பினால் ஓர் எழுத்துக்குறி திரும்பி வரும். அதன் கடைசி 4 பிட்தான் நமக்கு வேண்டிய தகவல். இப்படி 0 முதல் 255 வரை. முழுவதையும் மூன்று முறை எடுத்து, மூன்று ஃபைலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் இருக்கும் கேல் எனேபிள், அதாவது காலிபரேஷன் எண்களை மாற்ற அனுமதிக்கும் திருகை மட்டும் தொடாதீர்கள். அது அணைந்திருக்கும் வரை படிக்கலாமே தவிர எழுத முடியாது, அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: எங்கள் லேபில் ஒரு எச்பி 3458ஏ மல்டிமீட்டர் இருக்கிறது. திறந்து பார்த்தேன், பேட்டரியே இல்லை. கருப்பாக, தடியாக, டல்லாஸ் (சிப் தயாரித்த நிறுவனம்) என்று அச்சிட்ட மூன்று கட்டிகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் 9234 என்று இருக்கிறது. அப்படியானால் எனக்குக் கவலை இல்லைதானே?

பதில்: உங்களுக்குத்தான் அதிகக் கவலை! பேட்டரி அந்தக் கட்டிக்குள்ளேயே பிசினில் புதைந்திருக்கிறது, அதனால்தான் தடியாக இருக்கிறது. 9234 என்றால் 1992ஆம் ஆண்டின் 34ஆவது வாரம். மின்சாரம் இல்லாமல் குறைந்தது 10 ஆண்டு தாங்கும் என்றுதான் தயாரித்தவர்கள் சொன்னார்கள், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சிறியது, 24 கால் உள்ளது, டிஎஸ்1220ஒய். காலிபரேஷன் அதில்தான், 2,048 பைட். பெரிய இரண்டும் டிஎஸ்1230ஒய், அவற்றில் நீங்கள் சேமித்த புரோகிராம், செட்டிங் மாதிரியான விஷயங்கள், போனால் பெரிய நஷ்டமில்லை.

இங்கேயும் முதல் வேலை ஜிபிஐபி வழியாகப் படிப்பது. கையேட்டில் இல்லாத எம்ரீட் என்ற கட்டளை மெமரியை நேராகக் காட்டும், அதை வைத்து எழுதிய புரோகிராம்களும் இருக்கின்றன. அந்த ஃபைல் கையில் வந்த பிறகுதான் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டும்.

சிப்பைக் கழற்றும்போது ஹாட் ஏர் வேண்டாம், உள்ளே இருப்பது லித்தியம் செல். போர்டின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு காலாக ஈயத்தை உறிஞ்சி எடுங்கள், நடு நடுவே ஆற விடுங்கள். கழற்றியதை ப்ரோக்ராமரில், அதாவது சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவியில் வைத்து இன்னொரு முறை படித்து, ஜிபிஐபியில் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். எனக்குத் தெரிந்து ஆட்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். அவசரத்தில் பட்டியலில் ஏதோ ஒரு இப்ராம் (வேறு வகை மெமரி சிப்) வகையைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்; ப்ரோக்ராமர் சிப்பின் அடையாளத்தைப் படிப்பதற்காக ஒரு முகவரிக் காலில் 12 வோல்ட்டை ஏற்றும், இந்தச் சிப் அதற்குப் பிறந்ததல்ல. இன்னும் மோசம், ராம் டெஸ்ட் பட்டனை அமுக்குவது. டெஸ்ட் என்றால் என்ன, ஒவ்வோர் இடத்திலும் எதையாவது எழுதிப் பார்ப்பதுதானே, உங்கள் எண்கள் எல்லாம் நொடியில் காலி. மூன்றாவது, சப்ளை. சுமார் 4.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் இந்த சிப் தன் கதவைத் தானே சாத்திக்கொள்ளும், நீங்கள் படிப்பது வெறும் குப்பையாக இருக்கும். யுஎஸ்பி கேபிள் சொத்தையாக இருந்தாலே இது நடக்கும்.

இரண்டு ஃபைலும் ஒத்துப்போனால் புதுச் சிப்பில் எழுதி, போர்டில் ஒரு நல்ல சாக்கெட் வைத்து அதில் செருகுங்கள். பழையதைக் குப்பையில் போட வேண்டாம், சீரியல் எண் எழுதிய உறைக்குள் போட்டு வையுங்கள்.

கேள்வி: என் மீட்டர் ஏற்கெனவே மறந்துவிட்டது. அதே மாடல் வைத்திருக்கும் ஒருவர் தன் ஃபைலைத் தருகிறேன் என்கிறார். போடலாமா?

பதில்: அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பது மாதிரிதான். அந்த எண்கள் அவருடைய மீட்டரில் இருக்கும் ரெசிஸ்டர்களுக்கும் ரெஃபரன்ஸுக்கும் அளவெடுத்துத் தைத்தவை. எண்கள் கெடவில்லையா என்று மீட்டர் பார்க்கும் கூட்டுத்தொகையான செக்சம் சரியாக இருப்பதால் பிழைச் செய்தி மறையும், அதுதான் ஆபத்து, தப்பான அளவை மீட்டர் தைரியமாகக் காட்ட ஆரம்பிக்கும். மீட்டரின் மற்ற பகுதிகள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்குத் தற்காலிகமாகப் போடலாம். மற்றபடி காலிபரேஷன் லேபுக்குக் கொடுங்கள்.

கேள்வி: போர்டில் சால்டர் செய்து ஒட்டிய பேட்டரியை, தகவல் போகாமல் மாற்ற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் முதலில் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு. இரண்டு ஏஏ செல்லைத் தொடராக இணைத்து, ஒரு ஷாட்கி டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும், வோல்ட்டைக் குறைவாகவே இழக்கும் பாகம்) வழியாக, பழைய பேட்டரி இருக்கும்போதே அதற்கு இணையாகக் கொடுங்கள். டயோடில் கொஞ்சம் இழந்தாலும் 2.7 வோல்ட் அளவில் கிடைக்கும், ராமுக்கு அது தாராளம். பிறகு பழையதைக் கழற்றிப் புதியதை வையுங்கள். அயர்ன் நன்றாகச் சூடானதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள், எர்த் வழியாக மின்னோட்டம் ஓடாது. மீட்டரை ஓடவிட்டுக்கொண்டே மாற்றுபவர்களும் உண்டு. உள்ளே மெயின்ஸ் வோல்டேஜ் இருக்கும் பெட்டிக்குள் கையை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஃபைல் எடுக்காமல் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி எத்தனை வோல்ட் என்று பார்க்க ப்ரோபை வைத்தேன், முனை வழுக்கிப் பக்கத்துத் தடத்தைத் தொட்டது, சின்னப் பொறிகூட வரவில்லை. பேட்டரி 3.02 வோல்ட், புதுசு மாதிரி. ஆனால் எண்கள் எல்லாம் அந்த ஒரு தொடுதலில் போய்விட்டன.

கேள்வி: எல்லாம் மாற்றி, பழைய எண்களையும் ஏற்றிவிட்டேன். இனி காலிபரேஷன் தேவையில்லைதானே?

பதில்: அன்றைக்கு இருந்த நிலைக்குத் திரும்பியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். கடைசியாகச் சரிபார்த்து எத்தனை வருடம் ஆயிற்றோ, அத்தனை வருட விலகலும் அப்படியே இருக்கிறது. வழக்கமான தவணையில் லேபுக்கு அனுப்புங்கள். அங்கே புதிதாகச் சரிசெய்து அனுப்பினால் உங்கள் பழைய ஃபைல் காலாவதி, எனவே பெட்டி திரும்பி வந்த அன்றே மறுபடி ஒரு முறை படித்து, தேதியையும் சீரியல் எண்ணையும் பெயரில் சேர்த்து வையுங்கள்.