நிலைமின்சாரமும் வீட்டுக் கணினியும்: கேள்வி பதில்

கேள்வி: ரேம் சேர்ப்பதற்காக முதல்முறையாகக் கேபினெட்டைத் திறக்கப் போகிறேன். கதவுக் கைப்பிடியைத் தொடும்போது சில நேரம் சுரீரென்று அடிக்கிறதே, அந்த மின்சாரம் கணினியைக் கெடுத்துவிடுமா?

பதில்: கெடுக்கும். அதைவிடக் குறைந்த மின்னிறக்கமும் (தேங்கிய மின்னூட்டம் சட்டெனப் பாய்வது) கெடுக்கும் என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய 3,000 வோல்ட்டை எட்டினால்தான் நம் விரல் நுனி அதை உணர்கிறது; சிப்புக்குள் நுண்ணிய சுவிட்சுகளாக இருக்கும் டிரான்சிஸ்டர்களில், காப்புச் சுற்று இல்லாத சிலவை வெறும் 100 வோல்ட்டிலேயே பழுதாகிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை நமக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. ஆகவே ‘ஷாக் எதுவும் அடிக்கவில்லையே’ என்று ஆறுதல் கொள்வது சரியல்ல. நம் உடலில் தேங்கும் மின்னூட்டம் மிகச் சிறிது என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களின் மின்காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிமனே கொண்டது. அதில் ஒரு முறை துளை விழுந்தால் பிறகு சரிசெய்ய வழியில்லை.

கேள்வி: நேற்று எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ரேமைக் கழற்றி மாட்டினேன். கணினி நன்றாகவே ஓடுகிறது. இனிக் கவலை வேண்டாம்தானே?

பதில்: பெரும்பாலும் வேண்டாம். இன்றைய சிப்புகளின் முனைகளில் காப்புச் சுற்றுகள் உள்ளேயே அமைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல, மனித உடலிலிருந்து பாயும் 1,000 வோல்ட் மின்னிறக்கத்தையும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. இருந்தாலும் படலம் முழுவதும் துளைபடாமல் வலுவிழந்து மட்டும் போவதுண்டு. அத்தகைய சிப் சில வாரமோ சில மாதமோ ஒழுங்காக வேலை செய்துவிட்டு, பிறகு காரணம் தெரியாமல் கணினியை உறையச் செய்யும். ரேமில் பிழை உள்ளதா என்று பார்க்கும் மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருள் சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். பிழை எதுவும் வராவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: உடலில் தேங்கும் மின்னூட்டத்தைக் கம்பி வழியாக இறக்கும் மணிக்கட்டுப் பட்டை என்னிடம் இல்லை. அது இல்லாமல் பாதுகாப்பாக வேலை செய்ய முடியுமா?

பதில்: முடியும். உங்கள் உடல், கேபினெட், கையில் எடுக்கும் பாகம் ஆகிய மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் அவற்றுக்கிடையே பொறி பாய இடமில்லை. எல்லா ஏற்பாடுகளும் இதற்காகத்தான். முதலில் கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். எர்த் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் கம்பியைப் பிளக்கிலேயே விட்டுவைக்கச் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் பின்புறச் சுவிட்சை அணைக்க மறந்தால் மதர்போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, கேபினெட்டில் பெயின்ட் பூசாத உலோகத்தைத் தொடுங்கள். பின்புறம் திருகு மாட்டும் இடம் பெரும்பாலும் வெறும் உலோகமாக இருக்கும். பெயின்ட்டின் மேல் கை வைப்பதால் பயனில்லை. நான் இடது முன்கையைக் கேபினெட்டின் உலோக விளிம்பில் சாய்த்தபடியேதான் வேலை செய்வேன், ஏனெனில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலே உடலில் மீண்டும் மின்னூட்டம் ஏறிவிடும். புதிய ரேமை உறையிலிருந்து எடுக்கும் முன் அந்த உறையையும் கேபினெட்டில் தொடச் செய்யுங்கள். பிறகு ரேமின் இரு பக்க விளிம்புகளை மட்டும் பிடித்து எடுங்கள். கீழே வரிசையாக மின்னும் தங்க நிறப் பட்டைகளில் விரல் படக் கூடாது.

பலர் மறப்பது தெர்மாகோலையும் பிளாஸ்டிக் தாள்களையும்தான். அவை மின்சாரத்தைக் கடத்தாதவை என்பதால், நீங்கள் உலோகத்தைத் தொடுவதால் அவற்றின் மேலுள்ள மின்னூட்டம் இறங்காது. எனவே அவற்றை ஓர் அடிக்கு அப்பால் ஒதுக்கிவையுங்கள்.

கேள்வி: மணிக்கட்டுப் பட்டைக்குப் பதிலாக ஒரு செப்புக் கம்பியைக் கையில் சுற்றி எர்த்துடன் இணைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒருபோதும் செய்யாதீர்கள். பட்டையின் கம்பியில் 1 மெகா ஓம் மின்தடை வைத்திருப்பது உங்கள் உயிரைக் காப்பதற்காக. தவறுதலாக 240 வோல்ட் மின்சாரத்தைத் தொட்டுவிட்டாலும், அந்தத் தடை உங்கள் உடல் வழியாகப் பட்டைக்குப் பாயும் மின்னோட்டத்தைக் கால் மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். வெறும் கம்பி உங்களை நேரடியாக எர்த்துடன் பிணைத்து, அதே தவறை உயிருக்கு ஆபத்தாக்கிவிடும்.

கேள்வி: மதர்போர்டு வந்த வெள்ளி நிற உறையின் மேலேயே அதை வைத்து மின்சாரம் கொடுத்துச் சோதிக்கலாமா?

பதில்: கூடாது. அந்த உறை தனக்குள் இருக்கும் பொருளைத்தான் காக்கும். அதில் உலோகப் படலம் இருப்பதால், மேலே வைத்து மின்சாரம் கொடுத்தால் ஷார்ட் ஆக வாய்ப்புண்டு. அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துச் சோதியுங்கள்.

கேள்வி: காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களிலும் இவ்வளவு கவனம் தேவையா?

பதில்: தேவை. வறண்ட காற்றில் கம்பளத்தின் மேல் நடந்தால் 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும். ஈரப்பதம் மிகுந்தால் அது 1,500 வோல்ட் அளவுக்குக் குறைகிறது. குறைந்த அந்த அளவை நீங்கள் உணரவே மாட்டீர்கள், ஆனால் மேலே சொன்ன 100 வோல்ட்டை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: உள்ளே படிந்த தூசியை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பிளாஸ்டிக் குழாய் வழியாகத் தூசி விரைந்து உரசிச் செல்லும்போது குழாய் முனையில் மின்னூட்டம் சேர்கிறது; அந்த முனை சிப்புகளுக்கு மிக அருகில் போகிறது. அழுத்தக் காற்றுக் குப்பியைப் பயன்படுத்துங்கள். குப்பியை நிமிர்த்தியே பிடித்து, சிறிது சிறிதாக ஊதுங்கள். ஊதும்போது மின்விசிறியின் இறக்கை சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.