கொம்பைக் கடைசியில் பாருங்கள்: மிளாவின் வயது பற்றிச் சில கேள்விகள்

குமரி மாவட்டத்தின் கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறைக் காடுகளில் வனத்துறைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆண் மானின், குறிப்பாக மிளா என்று நாங்கள் சொல்லும் கடமானின், வயதை எப்படிக் கணிப்பது என்று கேட்டவர்களுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். நம் நாட்டில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கொம்பில் எத்தனை கிளையோ அத்தனை வயது என்கிறார்களே, அண்ணாச்சி? (கல்லூரி மாணவர், குலசேகரம்)

அது டீக்கடைக் கணக்கு, தம்பி. மிளாவுக்கும் புள்ளிமானுக்கும் ஒரு பக்கத்துக்கு மூன்று கிளைதான். முதலில் வெறும் குச்சி, அடுத்துக் கவை, நான்கு வயதை ஒட்டி மூன்றாவது கிளை. அதற்குப் பிறகு கூடுவது நீளமும் பருமனும் மட்டுமே. நன்கு வளர்ந்த மிளாவின் கொம்பு 110 செ.மீ. வரை போகும். ஸ்காட்லாந்தின் சிவப்பு மானில் 12 முனை இருந்தால் 'ராயல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் 12 வயது என்று பொருள் இல்லை. மேய்ச்சல் நன்றாக இருந்தால் இளசுக்கும் பெரிய கொம்பு வரும். கிழடானால் கிளைகள் குறுகிவிடும்.

சொந்த ஊர் தக்கலை, இப்போது மெல்பனில் வேலை. இங்கே உரிமம் பெற்று மிளா வேட்டைக்குப் போகலாம். கூட வருகிற நண்பர், இளம் ஆணை விட்டுவிட்டு முதிர்ந்ததைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார். புதருக்குள் நிற்பதை எப்படி அடையாளம் காண்பது?

மெல்பன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் உள்ளவை 1860களில் ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விட்ட மிளாக்களின் வழிவந்தவை. ஆகவே இங்கே நாங்கள் பார்த்துப் பழகிய அடையாளம் அங்கும் செல்லும். கண் முதலில் கொம்புக்குத்தான் ஓடும், ஓட விடாதீர்கள். கழுத்தில் தொடங்குங்கள்.

இளம் ஆணுக்குக் கழுத்து மெலிந்து, தலையும் உடலும் தனித்தனியாகத் தெரியும். வயிறு ஒட்டியிருப்பதால் கால் நீளமாகத் தோன்றும், முகம் ஒடுங்கியிருக்கும். ஆளைக் கண்டால் தலையைத் தூக்கித் துள்ளும். ஐந்தாறு வயதுக்கு மேல் கழுத்து தடித்து, பிடரிமயிர் அடர்ந்து, எடை முழுவதும் முன்பக்கம் சேர்ந்ததுபோல் இருக்கும். நெஞ்சு இறங்குவதால் அதே கால் இப்போது குட்டையாகத் தெரியும். நிறமும் கறுத்துக்கொண்டே போகும்.

கிழட்டு ஆணைப் பக்கவாட்டில் பார்த்தால் போதும். முதுகு நடுவில் பள்ளமாகி, வயிறு தொங்கி, இடுப்பெலும்பு துருத்தி நிற்கும். முகத்தில் நரை. தலையைத் தோள் மட்டத்துக்குத் தாழ்த்தியே நடக்கும், அவசரம் இருக்காது.

இதெல்லாம் ஒத்துவந்த பிறகு கொம்புக்குப் போங்கள். அங்கும் நுனியை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள். மண்டையிலிருந்து எழும் அடித்தண்டு இளசில் ஒல்லியாக, உயரமாக இருக்கும். ஒவ்வொரு முறை கொம்பு உதிரும்போதும் அதில் சிறிது எலும்பும் போய்விடும். எனவே வயதாக ஆக அது குட்டையாகித் தடிக்கும். கிழட்டு மிளாவில் கொம்பு மண்டையிலேயே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். தலையை மட்டும் நீட்டுகிற மிளாவை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடல் முழுவதும் தெரியவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள்.

தொண்டையில் ரத்தம் கசிகிற புண்ணோடு ஒரு மிளாவைப் பார்த்தோம். யாராவது சுட்டிருப்பார்களோ? (ஆறுகாணி)

பெரும்பாலும் இல்லை. தொண்டைக்குக் கீழே மயிர் உதிர்ந்து, சிவந்து, ஈரமாகும் அந்தத் திட்டு மிளாவுக்கு இயல்பானது. ஆண், பெண் இரண்டிலும் உண்டு. நொண்டுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் கண்டவற்றில் ஒன்றுக்கு மொட்டைத் தலை, இன்னொன்றுக்குக் கொழுகொழுவென்று கொம்பு. முதலாவது பெண்தானே? (பூதப்பாண்டி)

உடனே பெண் என்று எழுதிவிடாதீர்கள். நம் மலைகளில் பல ஆண் மிளாக்கள் கோடையில் கொம்பை உதிர்க்கும், மழையோடு புதுசு முளைக்கும். முளைக்கும் கொம்பை ரோமம் அடர்ந்த வெல்வெட் தோல் மூடியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடும், தொட்டால் சூடு தெரியும். முற்றியதும் தோல் காய்ந்து நார் நாராகத் தொங்கும், மரத்தில் தேய்த்துக் கழற்றிவிடும். அடிமரப் பட்டை உரிந்து, பிசின் வடிந்து கிடந்தால் அது ஆணின் வேலை. மொட்டைத் தலையில் இரண்டு குமிழ் தெரிகிறதா என்று தொலைநோக்கியில் பாருங்கள்.

பெரிய கொம்புள்ள ஆண் எந்த மாதம், எந்தத் தண்ணீருக்கு இறங்கும்? (ஊர் குறிப்பிடவில்லை)

ஊரைச் சொல்லாத உங்களுக்கு நானும் சொல்ல மாட்டேன்.

ரப்பர் பால் வெட்டப் போன இடத்தில் ஒரு கொம்பு கிடந்தது. உதிர்ந்ததா, கொன்று வெட்டியதா? (கடையாலுமூடு)

அடியைத் திருப்பிப் பாருங்கள். தானாக உதிர்ந்த கொம்பின் அடி சொரசொரப்பாக, சற்றுக் குவிந்து, சுற்றிலும் முடிச்சு வளையத்தோடு முடிந்துவிடும். வளையத்துக்குக் கீழே எலும்புத் தண்டோ, மண்டையோட்டுச் சில்லோ, ரம்பம் பட்ட தடமோ இருந்தால் அது செத்த மானுடையது. ஓரங்களில் வரிவரியாகப் பல் பதிந்திருந்தால் பயப்பட வேண்டாம், சுண்ணாம்புச் சத்துக்காக முள்ளம்பன்றி கடித்திருக்கும்.

எதுவானாலும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். உதிர்ந்த கொம்பும் அரசுச் சொத்து. கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

பல்லைப் பார்த்தால் துல்லியமாகச் சொல்லலாமா? (ஆசிரியை, நாகர்கோவில்)

செத்த மானில் சொல்லலாம், மகளே. அதுவும் இளசில்தான் துல்லியம். கீழ்த்தாடையில் மூன்றாவது முன்கடைவாய்ப்பல் பால்பல்லாக இருக்கும்வரை மூன்று பிரிவோடு இருக்கும். விழுந்து முளைத்தால் இரண்டு பிரிவுதான். சிவப்பு மானில் இது இரண்டு வயதை ஒட்டி நடக்கிறது. அதற்கு மேல் தேய்மானத்தை வைத்துச் சொல்வது மதிப்பீடுதான். மண் கலந்த தீவனம் தின்றால் பல் சீக்கிரம் தேயும். குளிர்நாடுகளில் பல்வேரை அறுத்து ஆண்டு அடுக்குகளை எண்ணுகிறார்கள்.

முத்துக்குழிவயல் பக்கத்து வரையாட்டுக்கும் இதே கணக்கா?

இல்லை. வரையாடு மான் இனம் அல்ல, அதன் கொம்பு உதிராது. அதில் வளையங்களைப் பார்த்து வயதை ஓரளவு கணிக்கலாம். முதிர்ந்த கடா உடல் கறுத்து, முதுகில் வெளிர் நிறத் திட்டோடு தனியாகத் தெரியும்.

திருவிதாங்கூர் காலத்தில் தாத்தா மாட்டிய கொம்பு எங்கள் பூமுகத்தில் (வீட்டு முகப்பில்) இருக்கிறது. என்ன செய்வது? (பத்மநாபபுரம்)

உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பழைய பெட்டியில் தேடுங்கள். இருந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது. கணக்கில் காட்டாதவர்களுக்காக 2003இல் 180 நாள் அவகாசம் தந்தார்கள். அதையும் தவறவிட்டிருந்தால் நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்படையுங்கள். சுவரில் ஓர் ஆணி மிச்சமாகும், அவ்வளவுதான்.