மொழி தெரியாத ஊரில் நகரப் பேருந்து: குவாங்சோ செல்லும் வாசகிக்கு ஒரு விளக்கம்

கேள்வி: என் கணவர் சீனாவின் குவாங்சோ நகரில் பணிபுரிகிறார். அடுத்த மாதம் நானும் என் அத்தையும் (கணவரின் தாயார், வயது 68) அங்கே சென்று ஓராண்டு தங்கப் போகிறோம். எங்கள் இருவருக்கும் சீன மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. மெட்ரோவும் டாக்சியும் இருக்கும்போது பேருந்தில் ஏறித் தொலைந்துபோக வேண்டாம் என்கிறார் கணவர். எனக்கோ அந்த ஊர் மக்களின் அன்றாட வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்க ஆசை. நாங்கள் நகரப் பேருந்தில் போய்வர முடியுமா? என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? (கோவை வாசகி)

பதில்: தாராளமாக முடியும். அந்த நகரத்தில் சில ஆண்டுகள் வசித்து, பெரும்பாலும் பேருந்திலேயே போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் ஆசைக்கு ஏற்ற வாகனம் அதுதான். மெட்ரோ விரைவானது, ஆனால் அது பெரும்பாலும் பூமிக்கு அடியில் ஓடுவதால் நிலையங்களைத் தவிர வேறெதையும் காட்டாது. டாக்சியில் உங்களோடு இருப்பவர் ஓட்டுநர் ஒருவரே. பேருந்துதான் காய்கறிச் சந்தை, பள்ளி வாசல், மருத்துவமனை, பழைய குடியிருப்பு என்று ஊரார் நடமாடும் இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு, அவர்களையும் ஏற்றிக்கொண்டு, நிதானமாகப் போகிறது. தொலைந்துபோவது பற்றிக் கணவர் கவலைப்படுவது நியாயமே. ஆனால் அதற்குத் தீர்வு பேருந்தைத் தவிர்ப்பதல்ல, முதலில் ஒரே ஒரு தடத்தை மட்டும் முழுமையாகப் பழகிக்கொள்வது. உங்கள் வீட்டருகே நிற்கும் தடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் இரண்டு வாரங்களுக்கு அதில் மட்டுமே போய்வாருங்கள்.

பணம் செலுத்துவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். குவாங்சோவின் சாதாரண நகரப் பேருந்துகளில் எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் 2 யுவான், அதாவது நம் கணக்கில் சுமார் 25 ரூபாய். நடத்துநர் கிடையாது. முன் வாசலில் ஏறியதும் ஓட்டுநர் அருகே ஒரு உண்டியலும், அட்டையையும் கைப்பேசியையும் படிக்கும் ஒரு கருவியும் இருக்கும். உண்டியலில் போட்ட பணத்துக்குச் சில்லறை திரும்பக் கிடைக்காது. நான் போன புதிதில் இது தெரியாமல் 10 யுவான் தாளை நீட்டினேன். ஓட்டுநர் அதை உண்டியலில் போடச் சொல்லிவிட்டு, என்னை அங்கேயே நிற்குமாறு சைகை காட்டினார். பின்னால் சில்லறையோடு ஏறிய நான்கு பேர், ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் 2 யுவானை உண்டியலில் போடாமல் என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். எட்டு யுவானும் கைக்கு வந்த பிறகே இவையெல்லாம் அங்கே பழகிப்போன ஏற்பாடு என்று எனக்குப் புரிந்தது. இன்று பெரும்பாலோர் கைப்பேசியைக் காட்டியே ஏறுவதால், இப்படி ஈடுகட்ட நான்கு பேர் கிடைப்பது அரிது. ஆகவே ஒரு யுவான் நாணயங்களைச் சிறு பையில் எப்போதும் வைத்திருங்கள்.

கைப்பேசி வழியாகச் செலுத்த அலிபே அல்லது வீசாட் செயலி வேண்டும். 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து இவ்விரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்க முடிகிறது. இந்தியாவில் இந்தச் செயலிகளுக்கு 2020 முதல் தடை இருப்பதால், கடவுச்சீட்டைக் காட்டி அடையாளத்தை உறுதிசெய்வதையும், அட்டையை இணைப்பதையும் ஊர் சேர்ந்த பிறகு கணவரின் உதவியோடு முடித்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு விஷயங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலாவது, 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்களே இயக்க வேண்டும். இரண்டாவது, வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கே வரும் என்பதால், அந்த சிம்மில் ரோமிங் வசதி இருக்க வேண்டும். இவை முடிந்ததும் அலிபேயின் போக்குவரத்துப் பகுதியில் குவாங்சோவைத் தேர்ந்தெடுத்தால், பேருந்துக்கான கியூஆர் குறியீடு திறக்கும். பேருந்து வந்து நின்ற பிறகு செயலியைத் தேடிக்கொண்டிராமல், அது கண்ணில் படும்போதே குறியீட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம். ‘யாங்செங் தோங்’ என்னும் பயண அட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். யாங் என்றால் ஆடு, செங் என்றால் நகரம். ஐந்து ஆடுகளின் மீது வந்த தேவர்கள் நெற்கதிர் கொடுத்து இந்த ஊரின் பசியைப் போக்கினார்கள் என்ற பழங்கதையால் குவாங்சோவுக்கு ஆட்டு நகரம் என்று பெயர். அந்த ஐந்து ஆடுகளின் சிலை யுவேசியூ பூங்காவில் நிற்கிறது. அட்டையில் பணம் ஏற்றி, கருவியின் மேல் வைத்து எடுத்தால் போதும். 65 வயதைக் கடந்த ஊரார் கட்டணமின்றிப் போவதை நீங்கள் பார்ப்பீர்கள். ஆனால் அது அதற்கென வழங்கப்பட்ட முதியோர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு உரிய சலுகை. அத்தைக்கு 2 யுவான் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வழி. கூகுள் மேப்பைச் சீனாவில் நம்பாதீர்கள். அங்குள்ள இணைய இணைப்பில் அது திறக்காது. ரோமிங்கில் திறந்தாலும், சீனா தன் நிலப்படங்களில் இடங்களைக் குறிக்க வேறொரு அளவீட்டு முறையைப் பின்பற்றுவதால் நீங்கள் நிற்கும் இடத்தைச் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும். சீனர்கள் பயன்படுத்தும் ஆமேப் (காவ்தே என்றும் சொல்வார்கள்) சரியாகக் காட்டுவதோடு, நீங்கள் காத்திருக்கும் பேருந்து இன்னும் எத்தனை நிறுத்தம் தள்ளி வருகிறது என்பதையும் சொல்லிவிடும். ஐபோன் வைத்திருந்தால் ஆப்பிள் மேப்ஸும் அங்கே ஆங்கிலத்தில் நன்றாக இயங்கும்.

நிறுத்தத்தில் உள்ள பலகை முழுவதும் சீன எழுத்தாக இருந்தாலும், பயணிக்குத் தேவையான பாதிச் செய்தி எண்களில்தான் இருக்கிறது: தட எண், கட்டணம், முதல் பேருந்து நேரம், கடைசிப் பேருந்து நேரம். நிறுத்தங்களின் வரிசைக்கு அருகே உள்ள அம்புக்குறி பேருந்து செல்லும் திசையைக் காட்டும். எண்ணைச் சரிபார்ப்பதைவிடத் திசையைச் சரிபார்ப்பது முக்கியம். வழி தவறிய வெளிநாட்டவர்களில் நான் கண்ட பெரும்பாலோர் சரியான எண்ணில், தவறான திசையில் ஏறியவர்களே. சீனாவில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், நம் பழக்கத்துக்கு எந்தப் பக்கம் நிற்பது சரியென்று தோன்றுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமே சரியான பக்கம். சாலையைக் கடக்கும்போதும் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். ஓசையே இல்லாமல் வரும் மின்சார ஸ்கூட்டர்கள் எந்தத் திசையிலிருந்தும் வரலாம் என்பதால், அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தட எண்ணுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு சீன எழுத்து இருந்தால் அது எல்லா இடத்திலும் நிற்காத விரைவுப் பேருந்தாகவோ, பாதி வழியில் திரும்பிவிடும் பேருந்தாகவோ இருக்கலாம். தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு வெறும் எண் மட்டும் உள்ளதில் ஏறுங்கள்.

இரண்டே இரண்டு எழுத்துகளைக் கற்றுக்கொண்டு போனால் போதும். கிடைக்கோடு ஒன்றைத் தரை என்று கொள்ளுங்கள். அந்தத் தரையின் மேல் ஒரு கம்பம் நின்றால் ‘ஷாங்’, அதாவது மேல், ஏறு. அதே கோட்டின் கீழே கம்பம் தொங்கினால் ‘சியா’, அதாவது கீழ், இறங்கு. முன் வாசலில் முதல் எழுத்தையும் நடு வாசலில் இரண்டாவதையும் காண்பீர்கள். நம் ஊர் டவுன் பஸ்ஸில் கிடைத்த வாசலில் ஏறிப் பழகிய நமக்கு, முன்னால் ஏறி நடுவில் இறங்கும் ஒழுங்கு ஓரிரு நாளில் கைவந்துவிடும்.

இந்த ‘சியா’ பேருந்துக்குள்ளும் உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கூட்டத்தில் இறங்கும் வாசலை மறித்து நீங்கள் நின்றால், பின்னாலிருப்பவர் உங்கள் தோளருகே ‘சியாச்சே மா?’ என்பார். இறங்கப் போகிறீர்களா என்று பொருள். அவர் கோபப்படவில்லை, வழிவிடச் சொல்கிறார். இறங்குவதாக இருந்தால் தலையசையுங்கள்; இல்லையென்றால் ‘பூ சியா’ என்று சொல்லி ஒதுங்குங்கள். நீங்கள் பிறரை வழிவிடச் சொல்ல வேண்டியிருந்தால், அந்த ஊர்க் கான்டனீஸ் பேச்சில் ‘ம்-கோய்’ என்றால் போதும். தயவுசெய்து, கொஞ்சம் வழிவிடுங்கள், நன்றி ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு சொல்லே பயன்படுகிறது. வெளிநாட்டவர் வாயிலிருந்து அது வந்தால் முகங்கள் மலர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓட்டுநரை ‘ஷீஃபு’ என்று அழைப்பது வழக்கம். தொழிலில் தேர்ந்தவருக்குக் கொடுக்கும் மரியாதைச் சொல் அது.

பேருந்தின் அறிவிப்புகளைக் காது கொடுத்துக் கேளுங்கள். சீனப் பொதுமொழி, கான்டனீஸ் இரண்டிலும், பல தடங்களில் ஆங்கிலத்திலும் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வார்கள். பழைய நகரத்தின் ஊடே கிழக்கு மேற்காகச் செல்லும் சோங்ஷான் சாலை, நவீன சீனாவின் தந்தை எனப்படும் சுன் யாட்-சென் அவர்களின் பெயரைத் தாங்கியது (சீனாவில் அவரை சோங்ஷான் என்பார்கள்). கிழக்கே ஒன்றாம் சாலை என்று தொடங்கி மேற்கே எட்டாம் சாலை வரை எண்ணிட்டிருக்கிறார்கள். அந்த வழியில் மேற்கு நோக்கிப் போகும் பேருந்தில் அமர்ந்தால், நிறுத்தப் பெயர்களிலேயே ‘வூ லூ, லியூ லூ, ச்சீ லூ, பா லூ’ என்று ஐந்து, ஆறு, ஏழு, எட்டு ஏறிக்கொண்டே போகும் (லூ என்றால் சாலை). நான் சீன எண்களைக் கற்றுக்கொண்டது எந்த வகுப்பிலும் அல்ல, இந்தச் சாலையில்தான். ஏழாம் சாலையில் இறங்கினால், கூரை முகடெங்கும் சுடுமண் உருவங்கள் நிறைந்த சென் குல மண்டபம் இருக்கிறது. அதன் கட்டுமானம் 1894இல் நிறைவடைந்தது. அத்தைக்கு அது நிச்சயம் பிடிக்கும்.

நகரத்தின் கிழக்குப் பகுதியில் வீடு அமைந்தால், 2010 பிப்ரவரியில் தொடங்கிய தனித்தடப் பேருந்து முறை உங்களுக்கு மிகவும் பயன்படும். சோங்ஷான் நெடுஞ்சாலையின் நடுவே 22.5 கிலோமீட்டருக்குப் பேருந்துகளுக்கு மட்டுமேயான பாதையும், 26 நிலையங்களும் உள்ளன. இங்கே கட்டணத்தை நிலைய வாசலிலேயே செலுத்திவிடுவதால், உள்ளே ஒரு பேருந்திலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏற மறுபடி பணம் தர வேண்டியதில்லை. உச்ச நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

நீங்கள் பார்க்க விரும்பும் அன்றாட வாழ்க்கையை எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை வேலைக்குச் செல்வோர் நேரம். எல்லோர் கண்ணும் கைப்பேசியில் இருக்கும். ஒன்பதரைக்கு மேல் பேருந்து முதியவர்களுடையது. சந்தையிலிருந்து இரு சக்கர இழுவைப் பையோடு பாட்டிமார் ஏறுவார்கள். ஒருவர் பையில் சோய்சம் கீரைக் கட்டு தலை நீட்டும். இன்னொருவர் பையில் மண் கழுவாத தாமரைத் தண்டு இருக்கும். எது என்ன விலை, எந்தக் கடையில் நல்லது என்று அவர்கள் உரக்கப் பேசிக்கொள்வதை, மொழி தெரியாமலேயே உங்கள் அத்தை புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன். மாலை நாலரை, ஐந்து மணிக்குப் பள்ளி விட்டதும் தாத்தா பாட்டிகள் பேரப் பிள்ளைகளின் புத்தகப் பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். பிள்ளைகளின் கழுத்தில் சிவப்புத் துணி முடிச்சு இருக்கும். ஒருமுறை அப்படி ஏறிய சிறுமி ஒருத்தி, நான் இடம் கொடுத்ததும் தன் பாட்டியை அதில் உட்கார வைத்துவிட்டு, ஆரஞ்சுப் பழத்தை உரித்து எனக்கும் இரண்டு சுளை நீட்டினாள்.

அந்த நேரங்களில் உங்களிடமும் பேச்சுக் கொடுப்பார்கள். ‘யின்து’ என்று காதில் விழுந்தால் இந்தியாவா என்று கேட்கிறார்கள். வயது என்ன, எத்தனை பிள்ளைகள், வாடகை எவ்வளவு என்றெல்லாம் கேட்பது அங்கே அன்பின் வெளிப்பாடே. மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து நீட்டினால் ஆர்வத்தோடு அதில் பேசுவார்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவர்களை, குறிப்பாகக் குழந்தைகளை, அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள். அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர், வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள்.

தொலைந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். வீட்டு முகவரியையும், வீட்டருகே உள்ள நிறுத்தத்தின் பெயரையும், கணவரின் கைப்பேசி எண்ணையும் சீன எழுத்தில் ஒரு அட்டையில் எழுதச் செய்து, இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை அத்தையின் பையில் வையுங்கள். கைப்பேசியில் படமாக மட்டும் வைத்திருந்தால், மின்னேற்றம் தீர்ந்த நேரத்தில் அது உதவாது. நிறுத்தத்தைத் தவறவிட்டால் அடுத்ததில் இறங்கி எதிர்ப்பக்கம் போங்கள். ஒருவழிச் சாலையாக இருந்தால் திரும்பும் பேருந்து அடுத்த தெருவில் நிற்கக்கூடும், ஆமேப் அதைக் காட்டும். எதுவுமே புரியாவிட்டால் பேருந்தைவிட்டு இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்விடுங்கள். அங்கே ஓட்டுநர்களும் பணியாளர்களும் இருப்பார்கள். அட்டையைக் காட்டினால் சரியான பேருந்தில் ஏற்றிவிடுவார்கள்.

முதல் பயணத்தைக் கணவருக்கு விடுமுறையான ஒரு நாளில், காலை பத்து மணிக்கு, மூவருமாகச் செய்யுங்கள். அத்தையை நடு வாசலுக்கு முன்னால், வலப்பக்க ஜன்னல் இருக்கையில் உட்கார வையுங்கள். நடைபாதையும் கடைகளும் நிறுத்தப் பலகைகளும் அந்தப் பக்கம்தான் வரும். இறங்கும் படியும் நான்கடி தூரத்தில் இருக்கும்.