கடைப் படகு வேண்டாம், பழக்கடைக்குப் போங்கள்

கேள்வி: என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சமூக அறிவியலுக்கு ஆர்ட் இன்டகிரேட்டட் புராஜெக்ட் (பாடத்தைக் கலையோடு சேர்த்துச் செய்வது) கொடுத்திருக்கிறார்கள். 'ஜம்மு காஷ்மீர்: மக்களும் தொழிலும்' என்ற தலைப்பில் ஏ3 அளவில் ஒரு பெயின்டிங். இரண்டு வாரத்தில் நான்கு நாள் போய்விட்டது. டல் ஏரியையும் படகையும் சார்ட்டில் வரைந்து வாட்டர் கலர் அடித்தாள். பொரித்த அப்பளம் மாதிரி சார்ட் சுருண்டு, வானமும் மலையும் கலந்து சேறாகிவிட்டது. 'எனக்கு வரையவே வராது' என்று அழுகிறாள். பள்ளிக்கு எதிர்க்கடையில் 600 ரூபாய் கொடுத்தால் வரைந்து தருகிறார்களாம். கொடுத்துவிடலாமா? அவளே வரைவதென்றால் என்ன வாங்க வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– ஒரு தந்தை, திண்டுக்கல்

பதில்:

கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், கொஞ்சம் கோபமாகவே சொல்வேன். முதலில் பிள்ளையின் அழுகையை நிறுத்துவோம். சுருண்டது சார்ட்டின் குணம், அவள் கையில் ஒரு தப்பும் இல்லை. ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டுவதற்கான தாள் அது. மெல்லியது, வழவழப்பானது. தண்ணீர் பட்ட இடம் ஊதிப் பெருக்கும், படாத இடம் அப்படியே கிடக்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, தாள் மேடும் பள்ளமுமாகிவிடும். பள்ளத்தில் வண்ணத் தண்ணீர் தேங்கும். நீலமும் பழுப்பும் ஒரே பள்ளத்தில் தேங்கினால் சேறு இல்லாமல் வேறென்ன வரும்? முப்பது வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்த என்னை உட்கார வைத்தாலும் அந்தச் சார்ட்டில் அதுதான் வரும். இன்று ராத்திரியே அவளிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கடையில் போய் 'டிராயிங் ஷீட்' என்று கேட்காதீர்கள், கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தருவார்கள். 'வாட்டர் கலர் பேப்பர், 300 ஜிஎஸ்எம், ஏ3' என்று முழுசாகக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்ற கணக்குதான் ஜிஎஸ்எம். ஏ3 தாள் எட்டு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆக 300 ஜிஎஸ்எம் ஏ3 தாள் ஒன்று 37, 38 கிராம் இருக்க வேண்டும். பத்துத் தாள் கட்டு 375 கிராம். இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், மேலட்டையில் 300 என்று அச்சடித்துவிட்டு உள்ளே மெல்லிய தாளை வைத்து விற்பவர்கள் உண்டு. விரலால் தடவிப் பார்த்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். பத்துத் தாள் கால் கிலோதான் காட்டுகிறது என்றால் அது 200 ஜிஎஸ்எம், திருப்பிக் கொடுங்கள். வைக்கும் முன் தராசுத் தட்டைத் துடைக்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை துடைக்காமல் வைத்து, அடித்தாளில் வெல்லம் ஒட்டிக்கொண்டது.

வண்ணத்தில் 12 டியூப் கொண்ட மாணவர் வாட்டர் கலர் செட் போதும். 48 கலர் பெட்டியைத்தான் கடைக்காரர் முன்னால் எடுத்து வைப்பார், அதில் அவருக்கு லாபம். பன்னிரண்டிலேயே உங்கள் மகள் தொடப்போவது ஐந்தோ ஆறோதான். போஸ்டர் கலர், அக்ரிலிக் இரண்டும் இந்த வேலைக்கு வேண்டாம். பிரஷ் மூன்று, எல்லாம் உருண்டை முனை: 4, 8, 12-ஆம் நம்பர். புது பிரஷ்ஷைப் பசை போட்டுக் கூராக்கி அனுப்புவார்கள், அந்தக் கூரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு, பசை கரையும்வரை முக்கி, ஒரு உதறு உதறுங்கள். அப்போதும் முடி ஒன்றுசேர்ந்து கூராக நின்றால் வாங்கலாம். துடைப்பமாக விரிந்தால் வேண்டாம். உதறக்கூடாது என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இப்போது அந்த 600 ரூபாய். பள்ளிக்கு எதிரே கடை போட்டு 'புராஜெக்ட் செய்து தரப்படும்' என்று பலகை மாட்டுகிறவர்களிடம் ஐந்தாறு படங்கள்தான் இருக்கும். அதையே வருஷம் முழுக்கத் திருப்பித் திருப்பி வரைவார்கள். ஒரு கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். நான்கு பள்ளிகளின் பெயரில் நான்கு டல் ஏரி. அசையாத தண்ணீரில் பிம்பம் நேர் கீழே விழ வேண்டும். நான்கிலும் படகின் பிம்பம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. எல்லாம் ஒரே கை! அதில் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்று காதில் வந்து சொன்னார்கள். கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். அந்த மகாராஜன்கள் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை.

ஓவிய வகுப்பு நடத்தும் சிலர் செய்வது இன்னும் மோசம். 'பிள்ளையே வரையட்டும், நான் டச்சப் மட்டும் பண்ணித் தருகிறேன்' என்பார்கள். டச்சப் முடிந்து படம் திரும்பி வரும்போது பிள்ளை போட்டதில் மிச்சம் இருப்பது ஓரத்தில் எழுதிய பெயர் மட்டும்தான்.

பள்ளியையும் சும்மா விட முடியாது. 2020-21 கல்வியாண்டில் சிபிஎஸ்இ ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை இந்தப் புராஜெக்ட்டைக் கட்டாயமாக்கியது. 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் மாநிலங்களை ஜோடி சேர்த்தபோது தமிழ்நாட்டுக்கு வாய்த்தது ஜம்மு காஷ்மீர். உங்கள் மகளுக்குக் காஷ்மீர் வந்து விழுந்தது அப்படித்தான். அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பொருளை வைத்து, காசு செலவில்லாமல் செய்ய வேண்டும் என்றுதான் சுற்றறிக்கை சொன்னது. வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குள் அது 'ஏ3 சைஸ், கலர்ஃபுல்லா, திங்கட்கிழமைக்குள்ள' என்று ஆகிவிடுகிறது. ஓவியப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார், ஓவியம் மட்டும் வீட்டுப்பாடமாக வந்து சேரும். அரசுப் பள்ளி மட்டும் என்ன வாழ்ந்தது? 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்ததுதான் அவர்கள் கண்ட பலன். சரி, விடுங்கள். இதைப் பேசினால் உங்களுக்கு மிச்சமிருக்கும் பத்து நாளும் இதிலேயே போய்விடும்.

என்ன வரைவது? டல் ஏரியை உங்கள் மகள் பார்த்ததில்லை. பார்க்காததை வரைய உட்கார்ந்தால் யாரோ எடுத்த போட்டோவைத்தான் வரைய வேண்டும். அவள் கண்ணால் பார்க்கக்கூடிய காஷ்மீர் ஒன்று உங்கள் ஊர்ப் பழக்கடையிலேயே இருக்கிறது, ஆப்பிள் பெட்டி. காஷ்மீரில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அறுவடை. குளிர்பதனக் கிடங்கில் வைத்து மற்ற மாதங்களிலும் அனுப்புகிறார்கள். ஸ்ரீநகரில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் திண்டுக்கல்லைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆப்பிள் மண்டிக்குப் பேர் போன சோப்பூர், ஸ்ரீநகருக்குப் பக்கம். தலைப்பு 'மக்களும் தொழிலும்'தானே? இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்? சமூக அறிவியல் ஆசிரியை கேள்வி கேட்டால், சாலையைப் பற்றியும் பழத்தைப் பற்றியும் பிள்ளைக்குச் சொல்ல நாலு வார்த்தை இருக்கும். படகைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

சாயங்காலம் நாலு மணி வாக்கில் அவளைப் பழக்கடைக்குக் கூட்டிப்போய் அரைமணி நேரம் நிற்க விடுங்கள். நோட்டில் பென்சிலால் கிறுக்கட்டும். திரும்பும்போது மூன்று ஆப்பிள் வாங்குங்கள். மஞ்சளோடிய பச்சைத் தோலில் சிவப்பு கோடு கோடாக இறங்கியிருக்கிற மாதிரி பழமாகப் பொறுக்குங்கள். முழுச் சிவப்பு பார்க்க அழகாக இருக்கும், வரைந்தால் பந்து மாதிரி வரும். காலிப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி வந்து வீட்டு ஜன்னல் ஓரம் வைத்து, பழத்தை முன்னால் அடுக்குங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும், மேலே டியூப் லைட் எரியக் கூடாது. படம் முடியும்வரை அந்த ஆப்பிளை யாரும் தொடக்கூடாது என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். கடைக்காரர் பழம் நிறுக்கும் கையையும் சேர்த்து வரைய அவளுக்கு ஆசை வரும். வேண்டாம், பத்து நாளில் கை வராது.

நேராக ஏ3 தாளில் பென்சிலை வைக்க விடாதீர்கள். போன தடவை அவள் செய்த ஒரே தப்பு அதுதான் என்று நினைக்கிறேன். சாதாரண நோட்டில் 7 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரத்தில் ஆறு கட்டம் போட்டு, ஆறு விதமாக அதே பெட்டியையும் பழத்தையும் வரையட்டும். ஒன்றில் பெட்டி பெரிதாக, ஒன்றில் பழம் பெரிதாக, ஒன்றில் பெட்டி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிஷம் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. அவளுக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் 1 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட வேண்டும். ஏ3 தாளில் 6 செ.மீ. இடைவெளியில் அதே மாதிரி கோடு. தாள் 42 செ.மீ. நீளம் என்பதால் ஏழு கட்டம் கச்சிதமாக வரும். உயரத்தில் ஐந்து கட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் குறையும், அது பரவாயில்லை. சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்துக்கு மாற்றினால் அளவு தப்பாது. கோடு பென்சில் பட்டதே தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். வண்ணத்துக்கு முன் அழித்துவிடலாம். செல்போனில் போட்டோ எடுத்து மேலே தாள் வைத்து டிரேஸ் எடுக்கும் வேலை மட்டும் கூடாது.

வண்ணம் அடிக்கும்போது இரண்டு டம்ளர் தண்ணீர் வேண்டும், ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று சுத்தமாக. பழைய வேட்டித் துணி ஒரு துண்டு. தாளை ஒட்டிய அட்டைக்கு அடியில் ஒரு பாடப் புத்தகத்தை வைத்துச் சற்றுச் சாய்வாக்கிக்கொள்ளட்டும். முதல் நாள் ஆப்பிள் மூன்றுக்கும் நீர்த்த மஞ்சள் மட்டும். ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று விழும் புள்ளியை வண்ணம் படாமல் விட்டுவிட வேண்டும். வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான், பிறகு வெள்ளை டியூபைப் பிதுக்கி வைத்தால் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி நிற்கும். அடித்த பிறகு நிறுத்திவிட வேண்டும். பாதி காய்ந்த இடத்தை மறுபடி பிரஷ்ஷால் தொட்டால் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறை விரியும், அது போகவே போகாது. காய்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புறங்கையை மெல்லத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். நன்றாகக் காய்ந்த பிறகு சிவப்பு: காம்பிலிருந்து அடி வரைக்கும், பழத்தின் வளைவோடு சேர்ந்து வளைகிற மாதிரி இழுப்பு. நிழலுக்குக் கறுப்பு டியூபைத் திறக்கக் கூடாது. சிவப்பில் துளி பச்சை கலந்தால் பழத்தின் இருட்டுப் பக்கம் தானாக வரும். தரையில் விழும் நிழலுக்கு நீலத்தில் கொஞ்சம் பழுப்பு. பெட்டி கடைசியில், அதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

உங்கள் கை எங்கேயும் படக்கூடாது. இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு: டேப். வண்ணம் அடிக்கும் முன் தாளின் நான்கு ஓரத்தையும் ஒரு பலகையிலோ தடித்த அட்டையிலோ மாஸ்கிங் டேப்பால் ஒட்ட வேண்டும். செலோ டேப் கூடாது, உரிக்கும்போது தாளையும் சேர்த்து எடுத்துவிடும். பாதி டேப் தாள் மேல், பாதி பலகை மேல். நகத்தால் நீளத்துக்கும் ஒரு முறை தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் வண்ணம் கசியும். இதை நீங்கள் செய்யலாம். உரிப்பதையும் நீங்களே செய்யுங்கள், ஏனென்றால் படம் முடிந்த சந்தோஷத்தில் பிள்ளைகள் வெடுக்கென்று இழுப்பார்கள், பத்து நாள் வேலை ஓரத்தில் கிழியும். ஒரு ராத்திரி முழுக்கக் காய விடுங்கள். காலையில் ஒரு மூலையைத் தூக்கி, டேப்பை மடித்துப் படத்துக்கு வெளிப்பக்கமாக, சாய்வாக, மிக மெதுவாக இழுங்கள். பிடிவாதமாக ஒட்டிக்கொண்டால் ஹேர் டிரையர் காற்றைக் கொஞ்சம் காட்டினால் பசை இளகும். டிரையர் இல்லையென்றால் வெயிலில் ஐந்து நிமிஷம். அப்போதும் வராவிட்டால் அந்த ஓரத்தை டேப்போடு சேர்த்து வெட்டிவிடுங்கள், பரவாயில்லை. நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் நிற்கும், அதுவே சட்டம் போட்ட மாதிரி இருக்கும். தெர்மாகோல் ஃப்ரேம், கிளிட்டர், லேமினேஷன் எதுவும் வேண்டாம், பள்ளியில் கேட்டாலும்.

அந்த ஆறு சின்னப் படங்களையும் புராஜெக்ட் ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள், சுருண்ட சார்ட்டையும் மடித்து உள்ளே வையுங்கள். 'நீயேதான் வரைஞ்சியா?' என்று யாராவது கேட்டால் அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. படம் நன்றாக வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் 'தேசிய அளவிலான ஓவியப் போட்டி, நுழைவுக் கட்டணம் 300, பதக்கம் நிச்சயம்' என்று ஒருவர் வருவார். காசு கட்டுகிற எல்லாப் பிள்ளைக்கும் அதே பதக்கம்தான். அந்தக் காசுக்கு இன்னும் நான்கு தாள் வாங்கிக் கொடுங்கள்.

கொண்டுபோகும்போது சுருட்டாதீர்கள். இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, மேலே பிளாஸ்டிக் உறை. அவள் பெயரையும் வகுப்பையும் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதட்டும். பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் வரலாம். எழுதுவதையும் டேப் ஒட்டும் முன்பே எழுதிவிட வேண்டும், ஒட்டிய பிறகு உரிக்கும்வரை பின்பக்கம் கிடைக்காது.