கணக்குப் பகுதி: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. "எல்லாத்தையும் போனே போட்டுடுதே, நான் ஏன் கணக்கு படிக்கணும்?" என்கிறாள். என்ன சொல்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: ஒரு கடன் கணக்கை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். கடன் 1 லட்சம் ரூபாய், 24 மாதத் தவணை. ஒரு இடத்தில் 10 சதவீத பிளாட் வட்டி. இன்னொரு இடத்தில் 14 சதவீதம், ஆனால் குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி. எது மலிவு? 10 என்றுதான் பலரும் சொல்வார்கள்.

பிளாட் வட்டியில் அசல் மாதாமாதம் குறைந்தாலும், முழு லட்சத்துக்கும் கடைசிவரை வட்டி போடுவார்கள். வட்டி 20,000, தவணை 5,000. ஆனால் உங்கள் கையில் முழு லட்சமும் இருப்பது முதல் மாதம் மட்டுமே. இரண்டு வருடச் சராசரி நிலுவை ஏறக்குறைய 52,000தான். அதற்கு வருடம் 10,000 வட்டி என்றால் 19 சதவீதத்தை ஒட்டி வருகிறது. துல்லியமாகப் போட்டால் 18 சதவீதத்துக்குச் சற்று மேல். 14 சதவீதக் கடனுக்குத் தவணை சுமார் 4,801 ரூபாய். மொத்தத்தில் 4,770 ரூபாய் வரை மிச்சம்.

இதில் பெருக்கல், வகுத்தல் எல்லாம் போன் செய்யட்டும். "வட்டி எந்தத் தொகைக்கு?" என்று கேட்கவேண்டியது உங்கள் மகள். சராசரி, சதவீதம் இரண்டும் புரிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி எழும். அதற்காகவே அவள் படிக்கவேண்டும்.

கேள்வி: கடையில் கால்குலேட்டர் இருக்கும்போது கணக்கறிவு எங்கே உதவும்?
- வாசகர், விருதுநகர்

பதில்: தப்பைப் பிடிப்பதில். 200 + 50 × 3 என்று சாதாரண மேசைக் கால்குலேட்டரில் வரிசையாகத் தட்டினால் 750 வரும், போனில் 350. போன் பெருக்கலை முதலில் செய்கிறது, மேசைக் கால்குலேட்டர் தட்டிய வரிசையிலேயே போகிறது. 200 ரூபாய்ச் சாமானோடு 50 ரூபாய்ப் பாக்கெட் மூன்று வாங்கியவருக்கு 350தான் சரி.

நாள்முடிவில் பேரேட்டுக்கும் கல்லாவுக்கும் 45 ரூபாய் இடிக்கிறதா? வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: 572க்குப் பதில் 527 என்பதுபோல. (10அ + ஆ) கழித்தல் (10ஆ + அ) என்பது 9(அ – ஆ). எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான். ஒரு பூஜ்யம் கூடிப்போனாலும் இப்படித்தான்: 50ஐ 500 என்று எழுதினால் வித்தியாசம் 450. அதை 9ஆல் வகுத்தால் 50. எந்தத் தொகை பிசகியது என்பதும் தெரிந்துவிடும்.