பதில்: சேறு கொட்டிய சதுப்பில் நீர் வடியவில்லை

முகத்துவாரத்தில் தூர்வாரிய சேற்றைக் கொட்டிய சதுப்பில் வற்றத்திலும் (கடல்நீர் இறங்கும் நேரத்திலும்) நீர் தேங்குகிறது, அலையாத்திக் கன்றுகள் அழுகுகின்றன என்கிறீர்கள். இனிச் சேறு கொட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

குழாய் வழியே வரும் சேற்றில் மணல் குழாய் வாயருகிலேயே விழுந்துவிடும். மென்களி தூரம் ஓடிப் பரவி, பழைய ஓடைகளையும் மூடித் தட்டையாகப் படியும். தரை உயர உயர, ஒவ்வொரு கடலேற்றத்திலும் உள்ளே வரும் நீர் குறையும். நீர் குறைந்தால் வேகம் குறையும், வாய்க்கால் தானே தூர்ந்துவிடும்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் சொனோமா பேலேண்ட்ஸ் என்ற சதுப்பு மீட்பிடத்தில் ஓக்லாந்து துறைமுகச் சேற்றை நிரப்பி 1996இல் கடல்நீரை விட்டார்கள். கடல்நீர் வந்துபோகும் இணைப்பு வாய்க்கால் சிறியது. அது அரித்து அகலமாகும்வரை பல ஆண்டுகள் உள்ளே ஏற்றவற்றம் மந்தமாகவே இருந்தது.

முதலில் உள்ளேயும் வெளியேயும் அளவுக்கோல் நட்டு, வற்றத்தில் நீர்மட்டத்தை ஒப்பிடுங்கள். வெளியே இறங்கி உள்ளே இறங்காவிட்டால் கடல்நீர் நுழையும் வாய்தான் அடைப்பு, அதை அகலப்படுத்துங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கியும் குட்டைகள் நின்றால், பிச்சாவரத்தில் செய்ததுபோல் மீன்முள் வடிவில் கிளை வாய்க்கால்கள் வெட்டுங்கள். தோண்டிய மண்ணைக் கரையில் தொடர்வரப்பாகக் குவிக்காதீர்கள், அதுவும் நீரை மறிக்கும். நீர் வடிந்த பிறகே மறுநடவு.